நெல் வருகிற நான்கு இடங்கள்

துபாய்
12 நவம்பர் 2023

அக்ஸா,

நீ என் நம்பரை பிளாக் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது. உன் கிளினிக்கின் தபால் பெட்டி எண் ஒரு பழைய பார்சல் ரசீதில் கிடைத்தது. அதனால் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் சரி, கிழிப்பதற்காவது கையில் எடுப்பாயே.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அது உனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் என் வாயால் நான் இன்னும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அன்று நான் தோஹா விமானத்தில் ஏறியிருக்க வேண்டும். உன் கிளினிக்குப் பக்கத்தில், ராஸ் லஃபான் கேஸ் பிளான்டில் நீ கெஞ்சிக் கேட்டு வாங்கிய இன்டர்வியூ எனக்காகக் காத்திருந்தது. அதே நாள் காலை எங்கள் கோல்ஃப் கிளப்பில் வேலைக்காரர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். புல் வெட்டுகிறவன், சமையல்காரன், வண்டி கழுவுகிறவன் எல்லாரும் ஆடலாம். வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஆடிவிட்டு மத்தியான விமானத்தைப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாவது குழி வந்தபோது விமானம் போய்விட்டது என்று தெரியும். தெரிந்தும் பத்தாவது குழிக்கு நடந்தேன். பிறகு உனக்குப் போன் செய்து நூற்றிரண்டு டிகிரி என்றேன்.

"மாத்திர போட்டியளா? நெத்தியில ஈரத்துணி போடுங்க" என்று நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

கோப்பையோடு நான் நிற்கிற படத்தைச் சோலையப்பன் ஸ்டேட்டஸில் வைப்பான் என்று தெரியாது. அவன் ரூம்காரன், சந்தோஷத்தில் வைத்தான். தப்பு அவன் மேல் இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒழுங்காக வராது. அதற்குப் பதிலாக ஒன்று அனுப்புகிறேன். கிளப்பில் பெரிய ஹாலைப் புதுப்பிக்கிறார்கள். அலமாரி அழகாக இருக்கட்டும் என்று யாரோ மொத்தமாக வாங்கி அடுக்கிய பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் குப்பைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதில் ஒன்றில், மணல்மேட்டில் தொப்பி போட்டு ஒரு ஆள் நிற்கிற படம். கையில் கோல்ஃப் மட்டை. பின்னால் கடலும், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களும். நம் ஊர்க் கடற்கரை என்றே நினைத்துவிட்டேன். பெயர் ஏமோஸ் பெல்லோ. நூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடியவர், தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார். அந்த ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. முதல் முப்பது பக்கம் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ வாசித்துச் சொல்வாய் என்றல்ல. அந்தப் படத்தை நீயும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இங்கே மூடுபனி தொடங்கிவிட்டது. விடியுமுன் புல் வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு போனால் புல் தெரியாது, மரம் தெரியாது. பத்தடி முன்னால் வெள்ளையாக ஒரு சுவர் நம்மோடு நகர்ந்துகொண்டே வரும். பாலைவனத்தில் இருக்கிறோமா, கடலுக்கு நடுவிலா என்று சொல்ல முடியாது.

பெபின்

*

அல் கோர்
27 நவம்பர் 2023

பெபினுக்கு,

கிழிக்கவில்லை. வேலை நேரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், அதனால் பையில் வைக்க வேண்டியதாயிற்று.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் பங்கைச் சொல்லிவிட்டீர்கள், என் பங்கையும் கேளுங்கள். கோபாலசாமி சார் அந்தப் பிளான்டில் சூப்பர்வைசர், இரண்டு மாதமாக அவர் பின்னால் நடந்தேன். அன்று அவர் லீவு நாள். எனக்காக அலுவலகத்துக்கு வந்து, உங்கள் ஃபைலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் கவலப்படாதம்மா, பையன் வரட்டும்" என்றார். நான் என் வாயால் சொன்னேன்: "சார், அவருக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு." தினமும் நாற்பது பேருக்குக் காய்ச்சல் பார்த்து எழுதுகிறவள் நான். இல்லாத காய்ச்சலை அறிவித்தது அதுதான் முதல் தடவை. அவர் "உடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்று ஃபைலை மூடினார். மூன்றாம் நாள் அந்தப் படம் வந்தது. அதில் எவ்வளவு பெரிதாகச் சிரிக்கிறீர்கள் தெரியுமா? கல்யாண ஆல்பத்தில் அந்தச் சிரிப்பு இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

கல்யாணமாகி நாலு வருஷம். ஒரே வீட்டில் இருந்தது நூற்றுப் பத்து நாள். அதை நூற்றுப் பதினொன்றாக்கத்தான் அலைந்தேன்.

இனிமேல் பக்கங்கள் அனுப்ப வேண்டாம்.

பின்குறிப்பு: முப்பது பக்கத்தையும் பிரேக் நேரத்தில் வாசித்தேன். கையில் வேறொன்றும் இல்லாததால். அவர் மீன்பிடிக்காரர் மகன். ஊர்க்காரர்கள் வலை உலர்த்துகிற மணல்வெளியைப் பணக்காரர்கள் வாங்கிக் குழி தோண்டி விளையாட ஆரம்பித்தார்கள். ஒன்பது வயதில் அவர்களுடைய பையைச் சுமக்கப் போனார். பதினாலில் மட்டை செய்கிற பட்டறை. மட்டையின் மரத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்குவார்களாம், விரலெல்லாம் கீறல். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, வெளிச்சம் இருக்கிற அரை மணி நேரம் தனியாக ஆடுவார். அப்பா கேட்டாராம்: "அந்தப் பந்தைச் சாப்பிட முடியுமா?" அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பது முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது போல. நீங்கள் அனுப்பியது முப்பதோடு நிற்கிறது.

அக்ஸா

*

துபாய்
15 டிசம்பர் 2023

அக்ஸா,

முப்பத்தொன்று முதல் நூறு வரை வைத்திருக்கிறேன். அனுப்பாதே என்று எழுதிய அதே கையால் அந்தப் பின்குறிப்பையும் எழுதினாய். நான் எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

கோபாலசாமி சாருக்குத் தனியாகக் கடிதம் போட்டுவிட்டேன். காய்ச்சல் பொய், பொய் சொன்னது நான், என் மனைவிக்குத் தெரியாது என்று எழுதினேன். இதை நீ கேட்கவில்லை. ஆனாலும் செய்ய வேண்டியிருந்தது.

இந்த ஆட்டம் எனக்குள் எப்படி வந்தது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. கேட்டால் சிரிப்பாய் என்ற பயம். வந்த இரண்டாம் வருஷம், பந்து அடிக்கிறவர்கள் பெயர்த்துப்போட்ட புல்லில் மணல் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பந்து கிடந்தது. பக்கத்தில் யாரோ மறந்துவிட்ட மட்டை. யாரும் இல்லை. சும்மா ஒரு வீச்சு. வலை வீசும்போது பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு எப்படி வழுகி வரும், கை அதன் பாட்டில் எப்படி அவிழும்? அதே மாதிரி அவிழ்ந்தது. சத்தமே வரவில்லை. கையில் ஒன்றும் படவில்லை. பந்து மட்டும் மேலே போய் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக, இறங்க மனமில்லாமல் இறங்கியது.

பின்னால் ஒரு குரல்: "பாய், ஃபிர்ஸே. ஒன்ஸ் மோர்." ரோஹித் சார். புனேக்காரர், இங்கே கோச். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் இன்னொரு பந்தை உருட்டிவிட்டார்.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்து அவரிடம் அரை மணி நேரம். இப்போது அவர் சொல்கிறார், நான் ஆட்டம் கற்றுக்கொடுக்கிற வேலைக்கே படிக்கலாமாம். மூன்று வருஷப் படிப்பு. அதில் சேர முதலில் ஒரு டெஸ்ட். ஒரே நாளில் இரண்டு சுற்று ஆட வேண்டும். இந்த ஆட்டத்தில் அடி குறைவாக இருந்தால்தான் நல்லது, இரண்டு சுற்றும் சேர்த்து நூற்று ஐம்பத்தெட்டு அடிக்குள் முடிக்க வேண்டும். ஏப்ரலில்.

இதையும் இப்போதே சொல்லிவிட்டேன். மறைக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை.

பெல்லோ அப்பாவுக்கு என்ன பதில் சொன்னார்?

பெபின்

*

அல் கோர்
3 ஜனவரி 2024

பெபினுக்கு,

அவர் பதிலே சொல்லவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போய் அன்றைய மீனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் பட்டறைக்குப் போனார். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு டியூட்டி. கண்ணில் இரும்புத்தூள் விழுந்த ஒரு நேபாளிக்காரருக்குக் கண் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து கேம்பில் யாரோ பாட்டுப் போட்டார்கள். விஜி எனக்காக முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். விஜி என்னோடு டியூட்டி பார்க்கிற நர்ஸ், மார்த்தாண்டத்துக்காரி. இரண்டு பேரும் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தின்றோம். அப்புறம் அறைக்கு வந்து நூறாம் பக்கம் வரை வாசித்து முடித்தேன்.

1909இல் உங்கள் பெல்லோ அந்த நாட்டின் பெரிய போட்டி ஒன்றில் ஆடினார். நாலு சுற்று. கடைசிக் குழிக்கு வரும்போது அவர்தான் முதலிடம். கடலிலிருந்து காற்று. ஐந்தாயிரம் பேர் மணல்மேட்டில் நிற்கிறார்கள், ஒருவர் தும்மினாலும் கேட்கும். நாலு அடியில் முடித்தால் ஜெயம். ஐந்து என்றால் சமன். நாலாவது அடியில் பந்து குழிக்கு ஒரு குழந்தை கால் எட்டி வைக்கிற தூரத்தில் வந்து நிற்கிறது. அவர் எழுதுகிறார்: 'பந்து குழிக்குள் எட்டிப் பார்த்தது. அதற்கு அந்த இடம் பிடிக்கவில்லை.' ஐந்தாவதும் தவறி, ஆறாவது அடியில்தான் முடித்தார். ஒரு அடியில் போயிற்று. வேறு காரணம் எதுவும் அவர் எழுதவில்லை. பரிசு கொடுக்கிற மண்டபத்துக்கு அவரைப் போன்றவர்கள் முன்வாசல் வழியாகப் போகக் கூடாதாம். பணம் வாங்கி ஆடுகிறவர்களுக்குச் சமையலறைப் பக்கத்து வாசல். அதன் வழியாகப் போய், ஜெயித்தவருக்குக் கைகொடுத்துவிட்டு, அதே வழியாக வந்தார்.

இதை வாசித்தபோது அழுகை வந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன், பென்சிலோடு. அவர் மனைவி பெயர் நெல். நம் வயலில் விளைகிற நெல்தான், உச்சரிப்பு அப்படியே. நூறு பக்கத்தில் நெல் வருகிற இடங்கள் நான்கு. ஒன்று, மார்ச்சில் கல்யாணம், ஏப்ரலில் புது கிளப்பில் வேலை, இரண்டும் ஒரே வாக்கியத்தில். இரண்டு, ரயிலுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். மூன்று, வீட்டுக்குள் வார்னிஷ் வாசனை அவளுக்குப் பிடிக்காது. நான்கு, 'அந்த வாரம் வடக்கே ஆடிக்கொண்டிருந்தேன், மகள் பிறந்த செய்தி தந்தியில் வந்தது, மறுநாள் எழுபத்துமூன்றில் முடித்தேன்.' எழுபத்துமூன்று என்பது மகளின் எடை இல்லை, பெபின். அவர் அடித்த அடி.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி எந்தக் குழியில் எந்தப் பக்கம் காற்றடித்தது என்று நினைவிருக்கிற மனுஷனுக்கு, அவள் அந்த ஒரு வாரம் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று தெரியவில்லை.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒன்று எழுதலாம். அதில் நான் எத்தனை இடத்தில் வருவேன்?

அக்ஸா

*

துபாய்
20 ஜனவரி 2024

அக்ஸா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மட்டையைத் தொடவில்லை. சோலையப்பன் "என்ன மாப்ள, ஒடம்பு சரியில்லையா?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டாலே இப்போது எனக்குக் கூசுகிறது.

நீ எத்தனை இடத்தில் வருவாய் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு இடம் சொல்கிறேன், உனக்கு நினைவிருக்காது.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம். முட்டம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். புதுப் புடவை கட்டியிருந்தாய். ஒரு ஆளுக்குப் பெருவிரலில் தூண்டில் முள் ஏறி, சுற்றிலும் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நீ என் கையை விட்டுவிட்டுப் போனாய். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தாய். "வலிக்கும். நல்லா கத்திக்கிடுங்க" என்றாய். அவன் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ முள்ளை முதலில் உள்ளே தள்ளி, முனையை வெளியே கொண்டுவந்து, வெட்டி எடுத்தாய். அலை வந்து உன் புடவையை நனைத்துப் போயிற்று. உனக்குத் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிஷம் நான் உனக்கு யாரும் இல்லை. எனக்கு அது வருத்தமாக இல்லை. யாரோ ஒரு பெரிய ஆளைக் கல்யாணம் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

இந்த நாலு வருஷத்தில் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டிருக்கிறேன். உன் வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பிடித்திருக்கிறதா?

மீதிப் பக்கங்கள் இதோடு வருகின்றன. இதுதான் கடைசி.

பெபின்

*

அல் கோர்
8 பிப்ரவரி 2024

பெபினுக்கு,

முதலில் அவருடைய கதையை முடித்துவிடுகிறேன். என் கதையைச் சொல்லிவிட்டால் பிறகு எழுத வராது.

சண்டை வந்தது. முப்பத்தாறு வயதில் பட்டாளத்துக்குப் போனார். 1917இல் குண்டு வெடித்து இடது கையில் இரண்டு விரல் போயிற்று. திரும்பி வந்தபோது மட்டையைப் பிடித்தால் அது உள்ளங்கையில் சுழன்றது. போட்டிகள் அதோடு முடிந்தன. இரக்கப்பட்டு கிளப்காரர்கள் பட்டறையை மட்டும் அவருக்கு விட்டார்கள். மட்டையின் பிடிக்குத் தோல் சுற்ற இரண்டு நல்ல கை வேண்டும். அந்த வேலையை நெல் கற்றுக்கொண்டாள். வார்னிஷ் வாசனை பிடிக்காதவள் இருபது வருஷம் அந்த வாசனைக்குள் உட்கார்ந்தாள். நெல் சுற்றிய பிடி வேண்டும் என்று லண்டனிலிருந்து ஆட்கள் எழுதிக் கேட்டார்களாம்.

ஒருநாள் தோல் சுற்றிக்கொண்டே அவள் சொல்கிறாள்: "இதை வைத்துக்கொண்டு நீ என்னதான் செய்தாய் என்று நான் பார்த்ததே இல்லை." அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். பெரிய போட்டி நடந்த ஊர்களுக்கு அவளை அழைத்துப் போனதே இல்லை. மறுநாள் விடியற்காலை, கிளப்காரர்கள் எழுவதற்கு முன், அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பனி விழுந்து புல் வெள்ளையாக இருந்தது. இரண்டு பேர் நடந்த தடம் மட்டும் பச்சையாகப் பின்னால் வந்தது. மூன்று விரலால் ஒன்பது குழி ஆடினார். பாதிப் பந்து மணலில், ஒன்று கடலில். கடைசியில், "இதற்காகத்தானா?" என்றாள். "இதற்காகத்தான்" என்றார். "சரி" என்றாள்.

எல்லா ஆட்டத்துக்கும் எத்தனை அடி என்று எழுதிவைத்த மனுஷன் இந்த ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. புத்தகத்தில் அவள் பேசுவது இங்கேதான். பிறகு அறுபத்தெட்டு வயது வரை ஆட்டம் கற்றுக்கொடுத்தார். அவ்வளவுதான் கதை.

இப்போது உங்கள் கேள்வி. பிடித்திருக்கிறது. மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் ஒன்றை மறைத்தேன்.

போன வருஷம் மே மாதம் ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையிலிருந்து எனக்கு வேலை வந்தது. உங்கள் ரூமிலிருந்து நாற்பது நிமிஷம். சேர்ந்திருந்தால் அன்றே நமக்கு ஒரே வீடு. அதே வாரம் இங்கே வார்டுக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். முப்பது படுக்கை, எட்டு நர்ஸ். நான் வார்டுக்குள் நுழைந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், இனி சரியாகிவிடும் என்பதுபோல. அது எனக்கு வேண்டியிருந்தது. ஷார்ஜாவுக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. அடுத்த மாதமே உங்களை இங்கே வரச் சொல்லி நச்சரிக்கத் தொடங்கினேன்.

நீங்கள் ஒருநாள் பொய் சொன்னீர்கள். நான் ஒன்பது மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்து அத்தனை கோபம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

அக்ஸா

*

அல் கோர்
19 மார்ச் 2024

பெபினுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. பதில் இல்லை.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். திட்டுங்கள். வெற்றுக் காகிதத்தையாவது கவரில் போடுங்கள். தபால் பெட்டியைத் திறக்கப் போகிற ஆபீஸ் பையனுக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அக்ஸா

*

துபாய்
7 மே 2024

அக்ஸா,

கோபம்தான். பெரிய கோபம். மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன். நாற்பது நிமிஷம் என்று எழுதியிருந்தாயே, அந்த நாற்பது நிமிஷம் என்னைத் தூங்கவிடவில்லை. ஷார்ஜா தொழில்பேட்டைக்கு உரம் எடுக்கப் போகும்போதெல்லாம், வண்டியில் உட்கார்ந்து வழியில் வருகிற ஜன்னல்களைப் பார்ப்பேன். இதில் ஏதோ ஒன்றில் நாம் துணி காயப் போட்டிருக்கலாமே என்று.

அப்புறம் மழை வந்தது. ஏப்ரல் பதினாறு. நீ செய்தியில் பார்த்திருப்பாய். ஒரே நாளில் இந்த ஊரையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் வேலைக்குப் போனால் புல்வெளி இல்லை. ஒரு ஏரி. கொடிக்கம்புகள் மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன, வலை போட்ட இடத்தில் மிதக்கிற அடையாளக் கம்பு மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோனேன். காலுக்கடியில் புல் அசைந்தது. கீழே தெரிந்த பச்சைக்குள் என் முகமும் மேகமும் கிடந்தன. எத்தனையோ நாள் கழித்து உடம்பு லேசாக இருந்தது. அப்போது போன் அடித்தது. உன் மெசேஜ். 'இருக்கீங்களா?' பிளாக்கை எடுத்துவிட்டாய். 'இருக்கேன் பிள்ளே' என்று அனுப்பினேன். இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் அனுப்பவில்லை. தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கைக்குத் தட்டுப்படவில்லை. இன்சார்ஜ் ஆன அன்று உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் வந்துகொண்டே இருந்தது. அதை எனக்குச் சொல்ல முடியாமல் நீ இருந்திருக்கிறாய். அது என் குறையும்தான்.

டெஸ்ட் தள்ளிப்போய் போன சனிக்கிழமை நடந்தது. முடிவைச் சொல்கிறேன். நூற்று ஐம்பத்தொன்பது. ஒரு அடியில் போயிற்று.

எப்படிப் போயிற்று என்பதையும் கேள். இரண்டாம் சுற்று, பதினாலாவது குழி. பந்து நீளமான ஈரப் புல்லுக்குள். மட்டையைப் பின்னால் வைக்கும்போது பந்து ஒரு மயிரிழை அசைந்து கீழே இறங்கியது. என்னால் அசைந்தால் ஒரு அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதகர் வெகு தூரத்தில் இருந்தார். என்னோடு ஆடிய பாகிஸ்தான்காரர் மட்டும் பார்த்தார். "யார் பார்த்தா பாய்? ஆடு, ஜல்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொன்னார்.

நான் கையைத் தூக்கி, பந்து அசைந்தது என்று சொன்னேன்.

நான் ஒன்றும் யோக்கியன் ஆகிவிடவில்லை, அக்ஸா. பாஸ் என்று உனக்கு எழுதும்போது அதற்குள் இன்னொரு காய்ச்சலை வைத்து ஒட்ட வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

ரோஹித் சார் திட்டவில்லை. தோளில் கை வைத்து, "டிசம்பர்ல மறுபடி" என்றார். டெஸ்டை தோஹாவிலும் ஆடலாமாம். தோஹாவிலிருந்து உன் அல் கோருக்கு வருகிற வழியில் ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் இருக்கிறது, அங்கே புல் பராமரிக்க அனுபவம் உள்ள ஆள் கேட்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லி எழுதலாம் என்றார்.

நான் இன்னும் எழுதவில்லை. முன்பெல்லாம் நீ வா என்றாய், நான் வரவில்லை. இப்போது நான் கேட்கிறேன், உன் வார்டை விட்டு நீ எங்கும் வர வேண்டாம். நான் வரட்டுமா? வந்தாலும் விடியுமுன் போய்விடுவேன், டிசம்பரில் மறுபடி ஆடுவேன், மறுபடி தோற்கவும் செய்யலாம். இதெல்லாம் தெரிந்து யோசித்துச் சொல்.

பெபின்

*

அல் கோர்
11 அக்டோபர் 2024

பெபினுக்கு,

நீங்கள் உள்ளே தூங்குகிறீர்கள். மத்தியானம் மூன்று மணி. விடியுமுன் போய்விட்டு வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, சட்டைகூட மாற்றாமல் படுத்துவிட்டீர்கள். கால்சட்டையின் மடிப்பில் இருந்த புல்லெல்லாம் தரையில் கொட்டிக் கிடக்கிறது. பெருக்கவில்லை, எழுந்து நீங்களே பெருக்குங்கள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம்தான். ஆனால் நேற்றிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் வேறு எதையாவது பேசிவிடுகிறேன். காலையில்கூட "தண்ணி பாட்டில் எடுத்தியளா?" என்றுதான் கேட்டேன்.

நேற்று தோஹாவில் டிரெய்னிங் என்று நானும் விஜியும் காலை ஆறு மணி பஸ்ஸில் போனோம். உங்கள் மைதானத்து வேலிக்குப் பக்கத்தில் சிக்னலில் வண்டி நின்றது. கடல் பக்கமிருந்து மூடுபனி இறங்கி, எல்லாம் பாலில் கரைத்த மாதிரி இருந்தது. உள்ளே தூரத்தில் ஒரு ஆள் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையைத் தரையில் விரித்து வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, நோயாளியின் நெஞ்சைக் கேட்பது மாதிரி. பக்கத்தில் மெஷின் ஓடாமல் நின்றது. அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. அப்புறம் எழுந்து, கையில் மட்டை ஒன்றும் இல்லாமலே, வெறும் கையால் ஒரு வீச்சு வீசினான். வீசிவிட்டு, இல்லாத பந்து போகிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். நானும் அங்கே பார்த்தேன்.

அது நீங்கள் என்று எனக்கு உடனே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பனியில் முகம் இல்லை. யார் இந்த மனுஷன், விடிந்ததும் விடியாததுமாக இவ்வளவு நிம்மதியாக இருக்கிறானே, இவன் வீட்டுக்காரி கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தத் தோளைக் கண்டுபிடித்தேன்.

பெபின், முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு நொடிதான். சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது. ஜன்னலைத் துடைத்துத் துடைத்து, கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன்.

விஜி கேட்டாள்: "யாரு பிள்ளே அது, இப்படிப் பாக்க?"

"எனக்குத் தெரிஞ்ச ஆளு" என்றேன்.

அக்ஸா